கன்ஃபர்ம் பாக்ஸ் காவல்காரன் இல்லை

மறுபடியும் அதே கதை. இந்த முறை ஒரு ஜவுளிக்கடையின் இணையதளம். காலையில் பார்த்தால் பொருள் பட்டியல் மொத்தமும் காலி. "ஹேக் பண்ணிட்டாங்க சார்" என்று போன். சர்வருக்கு வந்த கோரிக்கைகளின் பதிவான லாகைத் திறந்தால், பொருளை நீக்கும் டெலீட்.பிஎச்பி?ஐடி=1, ஐடி=2, ஐடி=3 என்று வரிசையாகப் போகிறது; எல்லாமே கெட் கோரிக்கை, அதாவது லிங்கைத் திறந்தாலே போகிற சாதாரணக் கோரிக்கை. வந்தது ஹேக்கர் இல்லை, ஒரு தேடுபொறியின் பாட், தானாகவே இணையத்தை மேயும் நிரல். கண்ணில் பட்ட லிங்கையெல்லாம் தொட்டுப் பார்ப்பதுதான் அதன் வேலை.

தளத்தை எழுதிய தம்பியைக் கேட்டால், "கன்ஃபர்ம் பாக்ஸ் வெச்சிருக்கேனே அண்ணா" என்கிறார். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்குமே, அந்தப் பெட்டி. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தப் பெட்டி ஓடுவது பயனரின் பிரவுசரில். அப்படி ஒன்று இருப்பதே சர்வருக்குத் தெரியாது. முகவரியை நேரடியாக அடித்தால் வராது, ஜாவாஸ்கிரிப்டை அணைத்தால் வராது, பாட் வந்தாலும் வராது. கை தவறி அழுத்துகிறவரை ஒரு நொடி நிறுத்தும், அவ்வளவுதான். 2005-இல், இணையத்தை வேகப்படுத்த வந்த கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருள் பக்கங்களை முன்கூட்டியே எடுத்துவைக்கப் போய், நீக்கு லிங்குகளையும் தொட்டுப் பலருடைய தரவை அழித்தது. அன்றைக்கும் இந்தப் பெட்டி காப்பாற்றவில்லை.

"லாகின் செக் இருக்கே?" என்றார் தம்பி. இருந்தது. லாகில் ஒவ்வொரு வரியிலும், வேறு பக்கத்துக்குத் திருப்பியதைக் காட்டும் 302 என்ற எண் கூட இருந்தது. லாகின் பக்கத்துக்குத் திருப்பும் ஹெடர் வரிக்குக் கீழே, ஸ்கிரிப்டை அங்கேயே நிறுத்தும் எக்ஸிட் இல்லை. பாட்டை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஸ்கிரிப்ட் தன் போக்கில் அடுத்த வரியில் இருந்த டெலீட்டை ஓட்டியிருக்கிறது. நீக்கு லிங்குகள் இருந்த பட்டியல் பக்கத்திலோ செக்கே கிடையாது.

நீக்குவது போஸ்ட்டில் (படிவத்தை அனுப்பும் வகைக் கோரிக்கை) மட்டும், கோரிக்கை நம் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று காட்டும் ரகசியக் குறியான சிஎஸ்ஆர்எஃப் டோக்கனோடு. ஐடியை டேட்டாபேஸ் வினவலில் நேரடியாக ஒட்டாதீர்கள். வினவலையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்பும் பிஎச்பியின் பிடிஓ பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட் எதற்கு இருக்கிறது? வினவலை ஓட்டும் பழைய மைஎஸ்க்யூஎல்_க்வெரியை பிஎச்பி 7 வந்தபோதே, 2015-இல், தூக்கிவிட்டார்கள். டிரான்சாக்‌ஷனுக்குள் (உறுதி செய்யும்வரை திரும்பப் பெறக்கூடிய மாற்றங்களின் தொகுப்பு) நீக்கி, அழிந்த வரிசை (ரோ) ஒன்றுக்கு மேல் என்றால் ரோல்பேக் செய்யுங்கள், பழையபடி ஆகிவிடும். டேபிள் மைஐஎஸ்ஏஎம் என்ற சேமிப்பு வகை என்றால் ரோல்பேக் வேலை செய்யாது, அதையும் பாருங்கள். முடிந்தால் அழிக்கவே வேண்டாம். 'நீக்கப்பட்ட நேரம்' என்று டேபிளில் ஒரு நெடுவரிசை (காலம்) வைத்து மறைத்தால் போதும்.

மைஎஸ்க்யூஎல் கமாண்ட் லைனில் சேஃப்-அப்டேட்ஸ் என்று ஓர் ஆப்ஷன் உண்டு. எந்த வரிசையை என்று சொல்லும் WHERE நிபந்தனையும், எத்தனை என்று சொல்லும் லிமிட்டும் இல்லாத டெலீட்டை ஓடவிடாது. அதன் இன்னொரு பெயர் 'ஐ-ஆம்-அ-டம்மி'. கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேக்கப். எல்லோரும் இருக்கிறது என்கிறார்கள். மீட்டுப் பார்த்தீர்களா என்றால் பதில் இல்லை. இந்த வாரமே ஒரு டெஸ்ட் டேட்டாபேஸில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், ப்ளீஸ்.