முதல் லாக்டெப் (கெர்னல்ல லாக் தப்புகள முன்கூட்டியே சொல்ற டூல்) வார்னிங்க கண்டுக்காம விட்டா

நாலு கோர் ஏஆர்எம் போர்டு, லினக்ஸ் ஓடுது, வாரத்துக்கு ஒருதடவ அப்படியே நின்னுடும். பானிக் (கெர்னல் எரர் காட்டி தானா நிக்கிறது) கிடையாது, மெசேஜ் பதியுற ஃபைல்ல ஒரு வரி கிடையாது, சீரியல் கன்சோல்ல என்டர் தட்டினாலும் அசையாது, ஆனா பவர புடுங்கி சொருகினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். நான் அந்த டீமுக்குள்ள போறப்பவே ராத்திரி 3 மணிக்கு தானா ரீபூட் ஆகுற மாதிரி க்ரான்ல, அதாவது நேரம் வச்சு வேலைய ஓட்டுறதுல, போட்டு டிக்கெட்டையும் மூடி வச்சிருந்தாங்க. ப்ராசஸ் மேனேஜ்மென்ட்ல லாக்கிங் பக், அதாவது ஒரே டேட்டாவ ரெண்டு கோர் ஒரே நேரத்துல தொடாம இருக்கப் போடுற பூட்டுல தப்பு, வந்தா பாதி எடத்துல இதான் வைத்தியம்.

துப்பு கெடச்சது டெஸ்டிங் பண்ற தம்பிகிட்ட இருந்து. "அண்ணா, இன்னொரு டெர்மினல்ல டாப் ஓடிட்டு இருந்தா சீக்கிரம் தொங்குது"ன்னான், டாப்னா ஓடுற ப்ராசஸ எல்லாம் காட்டுற கமாண்ட். யாரும் அத பெருசா எடுத்துக்கல, டாப் சும்மா படிக்கத்தானே செய்யுதுன்னு. சரின்னு டாப்ப அஞ்சாறு டெர்மினல்ல ஓட விட்டு, சின்ன சின்ன ப்ராசஸா ஃபோர்க் பண்ணி (புதுசா உருவாக்கி) சாகடிக்கிற ஸ்க்ரிப்ட் ஒண்ணு போட்டேன், ஒரு மணி நேரத்துல தொங்குச்சு. ஜேடேக், அதாவது சிப்ப வெளியில இருந்து நேரா பாக்குற டீபக்கர், மாட்டி ஒவ்வொரு கோரும் எங்க நிக்குதுன்னு பாத்தா நாலும் ஏதோ ஒரு லாக்குக்கு சுத்திட்டு இருக்கு.

கோர் 1 ஒரு ப்ராசஸ் செத்து முடிஞ்சத சுத்தம் பண்ற ரிலீஸ் டாஸ்க்ங்கற ஃபங்ஷன்ல இருக்கு. எல்லா ப்ராசஸோட பட்டியலையும் காக்குற டாஸ்க்லிஸ்ட் லாக்க எழுதுறதுக்குன்னு, இன்டரப்ட்ட (ஹார்ட்வேர் குறுக்கிட்டு கூப்பிடுறத) ஆஃப் பண்ணி புடிச்சிருக்கு. அதுக்குள்ள எங்க ஆளு ஒருத்தர் எந்த ப்ராசஸ் எப்ப செத்துச்சுன்னு பதிய ஒரு பேட்ச் போட்டிருந்தார், அதுல பேர் எடுக்க கெட் டாஸ்க் காம்னு ஒரு ஃபங்ஷன கூப்பிட்டிருந்தார். பேர் எடுக்கிறதுல என்ன ஆகிடப் போகுதுன்னு ரிவ்யூல எல்லாரும் விட்டுட்டாங்க, நானா இருந்தாலும் விட்டிருப்பேன். ஆனா எங்க கெர்னல் வெர்ஷன்ல அந்த ஃபங்ஷன் உள்ள போய் டாஸ்க் லாக்க, அதாவது அந்த ஒரு ப்ராசஸுக்கான லாக்க, புடிக்கும். இப்ப கோர் 0ல டாப், அதே ப்ராசஸோட ஸ்டாட் ஃபைல படிக்க அதே டாஸ்க் லாக்க ஏற்கனவே புடிச்சிருக்கு. டாஸ்க் லாக் இன்டரப்ட்ட ஆஃப் பண்ணாது, அந்த நேரம் பாத்து சென்சார்ல இருந்து இன்டரப்ட் வந்துருச்சு, அந்த டிரைவர் ஒரு ப்ராசஸ் குரூப்புக்கே சிக்னல் அனுப்புது, குரூப்புக்கு அனுப்பணும்னா டாஸ்க்லிஸ்ட் லாக்க படிக்கவாச்சும் புடிக்கணும். அது கோர் 1 கையில. கோர் 1 நிக்கிறது கோர் 0 விட வேண்டிய டாஸ்க் லாக்குக்காக, கோர் 0 இன்டரப்ட்ட முடிக்காம அத விடவும் முடியாது. மிச்ச ரெண்டு கோரும் ஃபோர்க் பண்ணப் போய் டாஸ்க்லிஸ்ட் லாக்குக்கு நின்னுடுச்சு, கதை முடிஞ்சது.

இது ஒண்ணும் புதுசா கண்டுபிடிச்ச ரகசியம் இல்லங்க. டாஸ்க் லாக்கையும், எழுதுறதுக்கு புடிச்ச டாஸ்க்லிஸ்ட் லாக்கையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா, எந்தப் பக்கமும் போடாதேன்னு கெர்னல் ஹெடர் ஃபைல்லயே கமென்ட்டா எழுதி வச்சிருக்கு. அத யார் படிக்கிறா.

ஆனா எனக்கு உறுத்துனது வேற. எங்க டெஸ்ட் பில்டுல லாக்டெப் ஆன்லதான் இருந்துச்சு. இங்கோ மோல்நார் எழுதி 2006ல 2.6.18 கெர்னல்ல வந்த டூல் அது, நிஜமா தொங்கவே வேணாம், இந்த லாக்குக்குள்ள அந்த லாக், இது இன்டரப்ட்லயும் புடிக்கப்படுதுன்னு ஒவ்வொரு வழியையும் தனித்தனியா ஒருதடவ பாத்தாலே போதும், சேத்து வச்சு இது ஒருநாள் முட்டிக்கும்னு சொல்லிடும். அப்புறம் ஏன் சொல்லல? பூட் ஆகுறப்ப வந்த மெசேஜ எல்லாம் மேல இருந்து படிச்சேன். பூட் ஆன பதினோராவது செகண்ட்ல வெளியில இருந்து வாங்கின வைஃபை டிரைவர்ல ஒரு லாக்டெப் வார்னிங். எல்லாருக்கும் தெரியும், "அது எப்பவும் வரும் சார், நம்ம கோடு இல்ல"ன்னாங்க. லாக்டெப் முதல் தப்ப சொன்ன உடனே தன்னையே ஆஃப் பண்ணிக்கும், அதுக்கப்புறம் எதையும் பாக்காது. அதாவது எங்க போர்டுல அது பதினோரு செகண்ட்தான் முழிச்சிருந்துச்சு, அதுவும் மாசக்கணக்கா. கெர்னல் தன் நிலவரத்த காட்டுற ப்ராக் ஃபோல்டர்ல லாக்டெப் ஸ்டாட்ஸ்னு ஒரு ஃபைல் இருக்கு, அதுல டீபக் லாக்ஸ் 0ன்னு இருந்தா அது தூங்கிடுச்சுன்னு அர்த்தம். இப்பல்லாம் டெஸ்ட் முடிஞ்சதும் அந்த எண்ண செக் பண்ணி, 0ன்னா டெஸ்ட்டே ஃபெயில்னு வச்சிருக்கோம். கஸ்டமருக்கு போற பில்டுல இத ஆன் பண்ணாதீங்க, நல்லாவே ஸ்லோ ஆகும்.

அந்த வைஃபை டிரைவர மாட்யூல் லோட் ஆகாம நிறுத்திட்டு அதே ஸ்க்ரிப்ட்ட ஓட்டுனேன், தொங்கக்கூட இல்ல, ஒரு நிமிஷத்துக்குள்ள ரெண்டு லாக் பேரோடயும் ரிப்போர்ட் வந்து விழுந்துச்சு.

ஃபிக்ஸ் மூணு வரி, பேர டாஸ்க்லிஸ்ட் லாக் புடிக்கிறதுக்கு முன்னாடியே காப்பி பண்ணிக்கிறது, அவ்ளோதான். நடுவுல ஒருத்தர் ட்ரைலாக் (காத்திருக்காம லாக்க கேட்டு பாக்குறது) போட்டு, கெடைக்கலன்னா கொஞ்சம் விட்டு திரும்ப ட்ரை பண்ணலாம்னாரு, இன்டரப்ட்ட ஆஃப் பண்ணிட்டு அப்படி சுத்துறதும் அதே தொங்குறதுதான், வேற பேர்ல. இன்னொருத்தர் பிரின்ட்கே (கெர்னல்ல மெசேஜ் பிரின்ட் பண்றது) போட்டு பாத்தேன், பிரச்சனையே வரலன்னாரு. வராது, டைமிங் மாறிடுச்சுல்ல.

பேட்ச் போட்டதுக்கு அப்புறம் போர்டு ஒருதடவ கூட நிக்கல. ஆனாலும் அந்த 3 மணி ரீபூட்ட எடுக்க இன்னும் மூணு மாசம் ஆச்சு, இருந்துட்டு போகட்டுமே சார்னுதான் எல்லாரும் சொன்னாங்க.