கருப்பைவாயில் பலூன், கண்முன்னே கடல்

பிரசவ வலி தானாக வராததால் பலூன் வைத்து வலியைத் தூண்டப் போவதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில், கண்முன்னே வேறோர் உலகைக் காட்டும் மெய்நிகர் உண்மைக் (VR) கண்ணாடி அணிந்தால் வேதனை குறையும் என்பது வெறும் மனப்பிரமைதானா என்று கருவுற்றிருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். பிரமை அன்று. கவனம் திரும்பும்போது ஏற்படும் மாற்றம் முதுகுத் தண்டுவடம் வரை இறங்குகிறது என்பதற்குச் சான்று உண்டு.

ஃபோலி கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைக் கருப்பைவாய் வழியே செலுத்தி, அதன் நுனியிலுள்ள பலூனில் 30 முதல் 80 மில்லிலிட்டர் வரை உப்புநீரை நிரப்புவார்கள். அந்த அழுத்தத்தால் கருப்பைவாய் விரிவதோடு, அங்கே சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள் அதன் திசுவை இளக்கவும் செய்கிறது. குழாய் நுழையும் சில நிமிடங்கள்தாம் பலருக்கும் கடினமானவை.

அங்கே எழும் வலிக்குறிப்பு நேராக மூளைக்குப் போய்விடுவதில்லை. தண்டுவடத்தின் பின்கொம்பு என்னும் பகுதியில் ஒரு நரம்பணு அதை அடுத்த நரம்பணுவிடம் ஒப்படைத்த பிறகே அது மேலேறுகிறது. இந்த ஒப்படைப்பை ஒரு கதவைப் போல் மூடவும் திறக்கவும் முடியும் என்று வலி ஆய்வாளர்களான ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்தார்கள். அவர்கள் வரைந்த நுட்பங்களில் சில பின்னர் திருத்தப்பட்டாலும் மூலக்கருத்து நிலைத்துவிட்டது. மூளைத்தண்டிலிருந்து இறங்கிவரும் நரம்புவழிகள் பின்கொம்பை அடைந்து, என்கெஃபலின் போன்ற, உடலே சுரக்கும் ஓபியாய்டுகள் என்னும் வலியடக்கும் பொருள்களின் துணையுடன் அந்த ஒப்படைப்பை அடக்குகின்றன.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் 2012இல் இதைக் கண்ணால் காணும்படி செய்தார்கள். கையில் வலிக்கும் அளவு வெப்பம் செலுத்தப்பட்ட தன்னார்வலர்கள் கடினமான நினைவாற்றல் பயிற்சியில் மூழ்கியிருந்தபோது, ஸ்கேன் படங்களில் தண்டுவடத்தின் வலிச்செயல்பாடே தணிந்திருந்தது. ஓபியாய்டுகளின் வேலையைத் தடுக்கும் நலாக்சோன் மருந்தைச் செலுத்தியபோது, கவனம் திரும்பியதால் கிடைத்த நிவாரணத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு மறைந்துபோனது. அதாவது கவனத்தை வேறொன்றில் செலுத்துகிறவரின் உடல், தன் மருந்தைத் தானே எடுத்துக்கொள்கிறது. வலி தாங்காத பெண்ணை மனத்திடமற்றவள் என்று கடிந்துகொள்வோர் இந்த ஓர் ஆய்வையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கவனத்தை முழுமையாகக் கைப்பற்றுவதுதான் மெய்நிகர் உண்மையின் பலம். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்புகிறது. மருத்துவமனையின் விளக்கும் கருவிகளும் பார்வையிலிருந்து மறைகின்றன. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உளவியலாளர்களான ஹன்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காயப் புண்ணைச் சுத்தம் செய்யும்போது நோயாளிகளைப் பனிப்பள்ளத்தாக்கு ஒன்றில் பனிப்பந்து எறிய வைத்தார்கள். மூளையில் வலியோடு தொடர்புடைய ஐந்து பகுதிகளின் செயல்பாடு இந்த முறையால் குறைவதை 2004இல் அவர்கள் குழு காட்டியது.

பிரசவ அறைக்கு இது தாமதமாகவே வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிரசவ வலியிலிருந்த 27 பெண்களிடம் நடந்த முன்னோட்ட ஆய்வு 2019இல் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸின் சீடர்ஸ் சைனாய் மருத்துவமனையில் முதல் பிரசவத்துக்கு வந்த 40 பெண்களிடம் சோதனை நடந்தது. இரண்டிலும் வலி குறைந்தது, ஆனால் பெருமளவில் அன்று. பிரசவ வலியைப் பெண் சகித்தே ஆக வேண்டிய ஒன்றாகக் கருதும் பழக்கம் ஆராய்ச்சி நிதியையும் சுருக்கிவிட்டது என்பது என் கருத்து. இன்னும் பெரிய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

பல மணி நேரம் நீளும் பிரசவத்தில் கவனம் களைத்துப்போகும் என்பதால், முதுகுத்தண்டில் செலுத்தும் எபிடியூரல் மருந்துக்கு இது மாற்றாகாது. பலூன் வைப்பது போன்ற குறுகிய வேளைக்கே இது மிகவும் பொருந்தும். வலிப்பு நோய் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குமட்டல் வந்தால் உடனே கழற்றிவிடலாம். கண்ணாடி அணிந்த பெண்ணுக்குத் தன்னைத் தொடும் கை தெரியாது என்பதால், ஒவ்வொரு முறை தொடுவதற்கு முன்பும் மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வாசகி இப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.