ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு நிக்க வச்சும் பிபி பாருங்க

வீடு வீடா போய் ஸ்ட்ரோக் பேஷண்ட்டுகளுக்கு பிசியோதெரபி குடுக்குறேன், நிறைய வீட்ல கேக்குற புகார் இதான்: "அப்பா ஒத்துழைக்கவே மாட்டேங்குறாரு சார், நிக்க வச்சா உடனே தலை சுத்துதுன்னு உக்காந்துக்குறாரு". இப்படி ஒரு பெரியவருக்கு படுத்திருக்கும்போது பிபி 150/90, நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல பாத்தா 118/76. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சிறுநீர் சரியா போகலன்னு வேற டாக்டர் எழுதுன புராஸ்டேட் மாத்திரையும் பிபியை இறக்கிட்டு இருந்துச்சு, நியூரோ டாக்டர் அதை மாத்துனதும் பத்தடி நடக்க ஆரம்பிச்சாரு.

நல்லா இருக்குற மூளைல பிபி கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் ரத்தக்குழாய் தானே சுருங்கி விரிஞ்சு ரத்த ஓட்டத்த ஒரே அளவுல வச்சுக்கும். ஸ்ட்ரோக் அடிச்ச இடத்துல அந்த சக்தி போயிடுது, அதனால பிபி இறங்குனா பொழைக்க வேண்டிய செல்லுக்கும் ரத்தம் பத்தாது, எகிறுனா வீக்கமோ ரத்தக்கசிவோ வரலாம். இதனாலதான் அடைப்பால வந்த ஸ்ட்ரோக்ல கட்டிய கரைக்கிற ஊசி போடலன்னா முதல் ஒரு நாள் ரெண்டு நாள் 220/120 வரைக்கும்கூட டாக்டருங்க பொதுவா அவசரப்பட்டு குறைக்க மாட்டாங்க, ஊசி போட்டாச்சுன்னா 24 மணி நேரம் 180/105-க்குள்ள வச்சே ஆகணும். வீட்டுக்கு வந்து நிலைமை சீரான பிறகு பெரும்பாலானவங்களுக்கு 130/80-க்குள்ளதான் டார்கெட்.

ஆனா வீட்ல நடக்குறது என்னன்னா, இன்னைக்கு நார்மல்னு மாத்திரைய நிறுத்துறாங்க, நாளைக்கு 170 காட்டுனா பயந்துபோய் ரெண்டா போட்டுடுறாங்க, நடுவுல தோள்பட்டை வலிக்கு மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட அது வேற பிபிய ஏத்தி விடுது. இந்த ஏத்த இறக்கம் சாதாரண விஷயம் இல்ல. 2010-ல லான்செட்ங்குற மருத்துவ இதழ்ல ராத்வெல் குழு வெளியிட்ட ஆய்வுல, சராசரி பிபி எவ்வளவா இருந்தாலும் ஒவ்வொரு விசிட்டுக்கும் ரீடிங் தாவுறவங்களுக்கு ஸ்ட்ரோக் அபாயம் அதிகம்னு தெரிய வந்துச்சு. இந்த தாவல்ல மூளைக்குள்ள இருக்குற நுண்ணிய ரத்தக்குழாய்ங்க கெட்டா ஞாபகமும் நடையும் சேந்து தளரும்.

அதனால பாதிக்கப்படாத கையில அளங்க, பாதிச்ச கை இறுக்கமா இருந்தா ரீடிங் தப்பா காட்டலாம். அஞ்சு நிமிஷம் படுக்க வச்சு ஒண்ணு, நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல ஒண்ணு, மூணாவது நிமிஷத்துல ஒண்ணு (ஒருத்தர் பக்கத்துல கண்டிப்பா பிடிச்சுக்கணும்). மேல உள்ள நம்பர் 20-ஓ கீழ உள்ளது 10-ஓ இறங்குனா எழுதி வச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க, மாத்திரைய நீங்களா நிறுத்திடாதீங்க. எழுப்புறதுக்கு முன்னாடி கட்டில் ஓரத்துல காலத் தொங்கப் போட்டு உக்கார வச்சு பாதத்த மேலயும் கீழயும் கொஞ்ச நேரம் ஆட்டச் சொல்லுங்க. எக்சர்சைஸ் பண்ணும்போது மூச்ச அடக்க விடாதீங்க, அது பிபிய சட்டுன்னு ஏத்தும். மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வர்றவங்ககிட்டயும் நிக்க வச்சு ஒரு தடவ பாக்கச் சொல்லி கேளுங்க.

புதுசா வாய் கோணுனாலோ பேச்சு குழறுனாலோ கை கால் சோர்ந்தாலோ பிபி மெஷின தேடிட்டு இருக்காதீங்க, எக்ஸ்ட்ரா மாத்திரையும் குடுக்காதீங்க, 108-க்கு போன் போடுங்க. கட்டிய கரைக்கிற ஊசிக்கு அறிகுறி ஆரம்பிச்சதுல இருந்து பொதுவா நாலரை மணி நேரம்தான் டைம்.