இரவில் போலீஸ் வண்டி பின்னாலேயே வந்தால்: தொடர்வது, நிறுத்துவது, வாசல் தாண்டுவது பற்றிச் சட்டம் சொல்வது

இரவு பதினொன்றரை மணி. சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. பின்னால் ஒரு ரோந்து வாகனம். நீங்கள் திரும்பினால் அதுவும் திரும்புகிறது, வேகம் குறைத்தால் அதுவும் குறைக்கிறது. சைரன் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. இப்படி வருவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டா, வீட்டு வாசல் வரை வந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. பதில் ஒரே வரியில் அடங்காது. பின்தொடர்வது, நிறுத்துவது, ஆவணம் கேட்பது, மூச்சுச் சோதனை, வண்டியை எடுத்துக்கொள்வது, வீட்டுக்குள் வருவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் இந்தியச் சட்டத்தில் தனித்தனி அதிகாரம் வேண்டும். ஒன்றுக்கு அதிகாரம் இருப்பதாலேயே அடுத்ததற்கும் வந்துவிடாது.

பின்னால் வருவது மட்டும்

பொதுச் சாலையில் போலீஸ் வாகனம் உங்களுக்குப் பின்னால் ஓடுவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. அதற்குக் காரணம் சொல்லவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதாகவே இருக்கும். அது அவர்களுடைய ரோந்துப் பாதையாக இருக்கலாம். உங்கள் பின்பக்க விளக்கு ஒன்று எரியாமல் இருக்கலாம். நம்பர் பிளேட் விளக்கு போயிருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. இரவில் பின் நம்பர் பிளேட் மீது வெள்ளை வெளிச்சம் விழுந்து, எண் படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அந்தச் சின்ன பல்பு போய்விட்டால் எண்ணைப் படிக்க நெருங்கித்தான் வர வேண்டும். அதுதான் உள்ளே இருப்பவருக்குத் துரத்தல் போலத் தெரிகிறது. வண்டி கோட்டை விட்டு விலகி விலகிப் போவது, காரணமில்லாமல் வேகம் கூடிக் குறைவது, ஹைபீமைக் குறைக்காமலே வருவது ஆகியவையும் அவர்கள் கவனத்தை இழுக்கும்.

ஒரே ஆளை நாள் கணக்கில் தொடர்வது வேறு விஷயம். அது கண்காணிப்பு. கரக் சிங் வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம், கண்காணிப்பின் பெயரால் இரவில் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவது செல்லாது என்று ரத்து செய்தது. வெளியில் தொடர்ந்து கவனிப்பதை அந்தத் தீர்ப்பு அப்போது தடுக்கவில்லை. மலக் சிங் வழக்கில் 1980-ல், கண்காணிப்பு என்பது குற்றத்தைத் தடுக்கும் நோக்கத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், ஒருவரின் வாழ்க்கையை நெருக்கும் அளவுக்குப் போகக்கூடாது என்று எல்லை வகுத்தது. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தபோது, அதற்கு மாறாகக் கரக் சிங் தீர்ப்பில் இருந்த பகுதியைத் தள்ளிவிட்டது. ஆக, ஒரு இரவு சில கிலோமீட்டர் பின்னால் வந்தது முறைகேடு ஆகாது. காரணமின்றித் திரும்பத் திரும்ப நடந்தால் தேதி, நேரம், வண்டி எண்ணோடு குறித்து வைத்துப் புகார் கொடுக்கலாம்.

நிறுத்தச் சொன்னால்

நிறுத்தித்தான் ஆக வேண்டும். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் சைகைக்குக் கீழ்ப்படிவது மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 119-ஆம் பிரிவின் கடமை. சட்டப்படியான உத்தரவுக்குக் கீழ்ப்படியாவிட்டால் 179-ஆம் பிரிவின்படி 2,000 ரூபாய் வரை அபராதம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 172-ஆம் பிரிவும், குற்றத் தடுப்புப் பணியில் இருக்கும் காவலரின் சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது.

எத்தனை மீட்டருக்குள் நிறுத்த வேண்டும் என்று இந்தப் பிரிவுகள் சொல்லவில்லை. இருட்டான இடத்தில் நிற்கப் பயமாக இருந்தால் செய்யக்கூடியது இது: உடனே வேகத்தைக் குறையுங்கள், நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள், கண்ணாடியை இறக்கிக் கையால் முன்னால் காட்டுங்கள், வெளிச்சமுள்ள பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி அல்லது காவல் நிலையம் அருகில் இருந்தால் மெதுவாக அங்கே போய் நிறுத்துங்கள். கூட இருப்பவர் 112-க்கு அழைத்து, இடத்தையும் பின்னால் வரும் வண்டியின் எண்ணையும் சொல்லி, அது ரோந்து வாகனம்தானா என்று கேட்கட்டும். தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போடுங்கள். இதை உரிமை என்று எண்ணிப் பல கிலோமீட்டர் ஓட்டிப் போகாதீர்கள். பக்கத்தில் வெளிச்சமான இடம் எதுவும் இல்லையென்றால் அங்கேயே ஓரம்கட்டி, கதவைப் பூட்டி, கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கிப் பேசுங்கள். செய்யவே கூடாதது வேகத்தைக் கூட்டுவது. அந்த ஒரு செயல், வெறும் சந்தேகமாக இருந்ததை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு சொல்லும் அபாயகரமான ஓட்டுதலாக மாற்றிவிடக்கூடும். அதன் விளைவு கீழே வருகிறது.

சைரனும் சுழல் விளக்கும் போட்டு வந்தால் முதலில் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள். பல நேரம் உங்களைத் தாண்டிப் போகத்தான் அந்தச் சைரன். நின்றது போலி போலீஸோ என்று சந்தேகம் வந்தால் சீருடையையும் பெயர்ப்பட்டையையும் பாருங்கள். தமிழ்நாட்டில் அரசு வாகனங்களின் எண் பெரும்பாலும் ‘ஜி’ வரிசையில் இருக்கும். முன்கண்ணாடியில் ‘போலீஸ்’ ஸ்டிக்கர் ஒட்டிய தனியார் கார் எந்தச் சான்றும் ஆகாது.

என்ன கேட்கலாம்

சீருடையில் இருக்கும் எந்தக் காவலர் கேட்டாலும் லைசென்ஸைக் காட்ட வேண்டும். இது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆம் பிரிவு. பதவி முக்கியமில்லை, சீருடை முக்கியம். 2018 நவம்பரில் மத்திய மோட்டார் வாகன விதி 139 திருத்தப்பட்ட பிறகு, டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள லைசென்ஸும் ஆர்.சி.யும் அசலுக்குச் சமம். தகராறு வருவது இங்கேதான்: கேலரியில் இருக்கும் போட்டோ அல்லது ஜெராக்ஸின் ஸ்கேன் இந்த விதிக்குள் வராது, செயலிக்குள் காட்ட வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் செயலி திறக்காமல் கையைப் பிசைய வேண்டி வரும் என்பதால், இரவுப் பயணத்துக்குக் கார்டையே பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதும், இருக்கும் லைசென்ஸை எடுத்துவர மறந்ததும் ஒன்றல்ல. முதலாவது 181-ஆம் பிரிவு, 5,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. இரண்டாவதற்கு 181 பொருந்தாது. செலானில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பதைக் கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் சான்றிதழ் கையில் இல்லாவிட்டால், கேட்ட நாளிலிருந்து 7 நாளுக்குள் நீங்கள் சொல்லும் காவல் நிலையத்தில் காட்ட 158-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் இன்சூரன்ஸே இல்லை என்றால் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 ரூபாய், சிறைக்கும் வாய்ப்பு உண்டு.

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் 206-ஆம் பிரிவின்படி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். சீட்டு இல்லாமல் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவு இல்லை, பெர்மிட் இல்லை, ஓட்டுபவருக்கு லைசென்ஸ் இல்லை என்பது போன்ற நிலைகளில் வண்டியை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை 207 தருகிறது. ஓடும் எஞ்சினிலிருந்து சாவியைப் பிடுங்கும் அதிகாரம் என்று எந்தப் பிரிவும் இல்லை. அப்படி நடந்தால் இழுபறிக்குப் போகாமல், பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு பிறகு புகார் செய்யுங்கள். அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக, குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-ஆம் பிரிவு போட்டால் 3 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம்.

ஊதச் சொன்னால்

மது அருந்தியிருக்கிறீர்கள் என்று நியாயமான சந்தேகம் இருந்தால், சீருடையில் உள்ள காவலர் அங்கேயே ஊதச் சொல்லலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 203-ஆம் பிரிவு. வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். மறுத்தால், மது இருப்பதாகச் சந்தேகிக்கக் காரணம் இருக்கும் பட்சத்தில் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். எனவே மறுப்பதில் லாபம் இல்லை. புதிய ஊதுகுழல் கேளுங்கள், கருவியில் வரும் எண்ணையும் நேரத்தையும் பாருங்கள், அச்சாகும் சீட்டைக் கேளுங்கள்.

அளவு தாண்டியதாகக் கைது செய்தால், 2 மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவரிடம் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லையேல் காவலில் இருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202. கைதான நிமிடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டியது இதனால்தான். பெண்ணிடமிருந்து ஆண் மருத்துவர் ரத்த மாதிரி எடுத்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும். மது அருந்தி ஓட்டுவதற்கு 185-ஆம் பிரிவின்படி, முதல் குற்றத்துக்கு 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 185-ஆம் பிரிவு, சாலையிலேயே பணம் கட்டிச் சமரசம் செய்யும் பட்டியலில் இல்லை, நீதிமன்றம்தான் முடிக்க வேண்டும். ‘இங்கேயே முடித்துக்கொள்ளலாம்’ என்று எவரேனும் ரொக்கம் கேட்டால் அது லஞ்சம்.

வீட்டு வாசல்

பலர் தவறாக நினைப்பது இங்கேதான். கேட்டுக்குள் போய்விட்டால் தப்பித்தோம் என்று வேகமாக உள்ளே ஓட்டுகிறார்கள். லைசென்ஸ் கேட்கும் அதிகாரமும் மூச்சுச் சோதனையும் ‘பொது இடத்தில்’ ஓட்டுவதைப் பற்றியவை என்பது உண்மை. உங்கள் வீட்டு வளாகம் பொது இடம் அல்ல. வெறுமனே பின்னால் வந்த காவலர், ‘சும்மா பார்க்க வேண்டும்’ என்று வீட்டுக்குள் நுழைய முடியாது.

ஆனால் தன் கண்முன் அபாயகரமாக ஓட்டியவரையோ, மது அருந்தி ஓட்டியவரையோ வாரண்ட் இன்றிக் கைது செய்ய 202 அனுமதிக்கிறது. அப்படிக் கைது செய்யத்தக்கவர் ஓரிடத்துக்குள் புகுந்துவிட்டால், அங்கே இருப்பவர்கள் வழிவிட வேண்டும் என்கிறது சுரக்ஷா சன்ஹிதா 44-ஆம் பிரிவு. அதிகாரத்தையும் நோக்கத்தையும் அறிவித்து, திறக்கக் கேட்டும் திறக்காவிட்டால் கதவை உடைக்கவும் முடியும். மேலே சொன்ன ‘வேகத்தைக் கூட்டாதீர்கள்’ என்பதன் பொருள் இதுதான்: தப்பி ஓடுவதே வாசலைத் திறக்கும் சாவியாகிவிடும். வீட்டருகே வந்துவிட்டீர்கள், அவர்களும் நின்றுவிட்டார்கள் என்றால், கேட்டுக்கு வெளியிலேயே தெருவிளக்கின் கீழ் நிறுத்தி, வீட்டாரை வெளியே வரச்சொல்லிப் பேசிவிடுவது உத்தமம்.

வீட்டைத் தேடிப்பார்ப்பது கைதுக்காக நுழைவதிலிருந்து வேறுபட்டது. வாரண்ட் இல்லாமல் தேடினால் 185-ஆம் பிரிவின்படி (இது சுரக்ஷா சன்ஹிதாவின் 185, மதுக் குற்றத்தின் 185 அல்ல) காரணத்தை எழுதி வைக்க வேண்டும், அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவருக்குப் போக வேண்டும். தேடுதலையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது 105.

பெண்ணைச் சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கைது செய்யக்கூடாது, அசாதாரணச் சூழல் என்றால் பெண் காவல் அதிகாரி எழுத்துமூலம் நடுவரின் முன்அனுமதி பெற வேண்டும் என்கிறது சுரக்ஷா சன்ஹிதாவின் 43(5). இந்த விதி வழிகாட்டும் தன்மையுடையது, மீறினால் கைது தானாகச் செல்லாமல் போகாது, ஆனால் அதிகாரி விளக்கம் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஆகவே ‘ராத்திரி பெண்ணைத் தொடவே முடியாது’ என்ற நம்பிக்கையோடு எதிர்த்து நிற்க வேண்டாம். பெண் காவலர் எங்கே, அனுமதி எங்கே என்று கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆணோ பெண்ணோ, கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், சாட்சியின் கையெழுத்தோடு கைதுக் குறிப்பு வேண்டும், நீங்கள் சொல்லும் ஒருவருக்குத் தகவல் போக வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

மறுநாள்

தவறு நடந்திருந்தால் அடுத்த நாளே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ மாநகரக் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் எழுதுங்கள், அல்லது மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போங்கள். மனுவில் வண்டி எண், பெயர்ப்பட்டையில் கண்ட பெயர், இடம், நேரம், செலான் எண், 112-க்கு அழைத்த நேரம் எல்லாம் வரட்டும். காவல் நிலையத்துக்குக் கொண்டுபோயிருந்தால், 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையங்களிலும் சிசிடிவி வைத்து, பதிவை 18 மாதம் காக்கச் சொல்லியிருப்பதைக் குறிப்பிட்டு, அந்த நேரத்துப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி முதல் மனுவிலேயே கேளுங்கள். சாலையோரப் பெட்ரோல் பங்க் கேமராவில் பதிவு சில நாள்களிலேயே அழிந்துவிடக்கூடும் என்பதால், அங்கே அதே வாரத்தில் போய்ச் சொல்லி வைக்க வேண்டும்.