மாத்திரை சாப்பிட்டதும் கை ஏன் இறுகுகிறது?

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து மனச்சிதைவு நோய்க்காக வருகிற குடும்பங்கள் முதலில் கேட்பது ஸ்கேனைத்தான். "மதுரைக்குப் போய் மண்டைய ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துருவமா டாக்டர்?" என்பார்கள். கட்டியோ ரத்தக்கசிவோ இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் நாங்களே எடுக்கச் சொல்வோம். ஆனால் காதில் குரல் கேட்கிற விவகாரம் நடப்பது இரண்டு நரம்பு செல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில். அது சுமார் 20 நானோமீட்டர். சாதாரண எம்ஆர்ஐ காட்டுவதோ மில்லிமீட்டர் கணக்கில்.

அந்த இடைவெளியைக் கடக்கும் ரசாயனங்களில் ஒன்று டோபமைன். மனநல மருத்துவம் படிக்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே, அதன் நான்கு பாதைகளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதையே வீட்டு ஆச்சிக்குப் புரிகிற மாதிரி சொல்லவும் தெரிய வேண்டும், ஏனென்றால் மாத்திரை பாதியில் நிற்பது பெரும்பாலும் இந்த விளக்கம் கிடைக்காத வீடுகளில்தான்.

நடுமூளையிலிருந்து உணர்ச்சிப் பகுதிக்குப் போகும் முதல் பாதையில் டோபமைன் மிகும்போது குரல்களும் சந்தேகங்களும் வருகின்றன. நெற்றிப் பக்கம் போகும் இரண்டாவது பாதை யோசனைக்கும் ஊக்கத்துக்கும். மூன்றாவது, நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற இடத்திலிருந்து மூளையின் உள்ளே இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்குப் போவது, உடல் அசைவுக்கு. நான்காவது மூளையின் அடிப்பக்கத்து ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை அடக்கி வைக்கிறது. நாம் கொடுக்கும் மருந்து டோபமைனின் வேலையைத் தடுப்பது. நான்கு பாதைகளையும் நான்கு வயல்களாக நினைத்துக்கொள்ளுங்கள்: மருந்து முதல் வயலின் வாமடையை, அதாவது தண்ணீர் பாயும் வாயை, மட்டும் பார்த்து அடைப்பதில்லை, ரத்தத்தோடு போய் நான்கு வயலின் வாமடையையும் அடைக்கிறது.

மூன்றாவது பாதையின் அருமையைக் காட்டியவர் ஸ்வீடன் விஞ்ஞானி அர்விட் கார்ல்சன். நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த, மூளையின் டோபமைனை வற்றச் செய்யும் ரெசர்பின்னை 1950களின் பிற்பகுதியில் முயல்களுக்குக் கொடுத்தார், அவை அசைவற்றுப் போயின, மூளையில் டோபமைனாக மாறும் எல்-டோபாவைக் கொடுத்ததும் மறுபடி நடமாடின. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்க்கின்சன் நோயில் அழிவதும் இதே பாதைதான். அதனால்தான் இந்தப் பாதையையும் அடைக்கும் ஹாலோபெரிடால் போன்ற மனச்சிதைவு மருந்துகளில் கை இறுகுகிறது, நடுங்குகிறது, முகம் களையிழக்கிறது.

முதல் சில நாட்களிலேயே கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு கண் மேலே சொருகுவதும் உண்டு, குறிப்பாக இளவயது ஆண்களுக்கு. அதைச் சாமி வந்ததாகவோ பேய் பிடித்ததாகவோ நினைத்து வேறெங்கும் கூட்டிப் போகாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், பெரும்பாலும் ஒரு ஊசியில் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது அகத்தீசியா என்ற, மருந்தால் வரும் தவிப்பு. உட்கார முடியாது, படுக்க முடியாது, திண்ணைக்கும் வளவுக்கும் விடிய விடிய நடை, உள்ளுக்குள் ஏதோ பிசைகிற மாதிரி இருக்கிறது என்பார்கள். வீட்டில் உள்ளவர்கள் நோய் முற்றிவிட்டது என்று பயப்படுகிறார்கள், அதை நம்பி மருத்துவரும் அளவைக் கூட்டினால் தவிப்பு இன்னும் ஏறும், சிலருக்கு அது தற்கொலை எண்ணம் வரை போகும். அதனால் அளவைக் கூட்டும் முன், நடையும் தவிப்பும் எந்த மாத்திரைக்குப் பிறகு ஆரம்பித்தன என்று கேளுங்கள். அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ, சிலருக்கு புரோப்ரனலால் சேர்த்தாலோ தணியும்.

அளவு கூடினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் இல்லை. டோபமைன் வந்து ஒட்டும் இடங்களான டி2 ஏற்பிகளில் ஏறக்குறைய 65 சதவீதம் அடைபட்டாலே பலருக்குப் பலன் கிடைக்கிறது, 80ஐ நெருங்கும்போது இறுக்கம் ஆரம்பிக்கிறது.

அப்புறம் நான்காவது பாதை. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்ற மருந்துகள் புரோலாக்டினை ஏற்றிவிடுவதால், அவற்றை எடுக்கும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நிற்கலாம், மார்பில் பால் கசியலாம். கல்யாணமாகாத பெண் அதை அம்மாவிடம்கூடச் சொல்லமாட்டாள், பேசாமல் மாத்திரையை நிறுத்திவிடுவாள். கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "மாசாமாசம் சரியா வருதாம்மா?" என்று நீங்களாகவே கேட்க வேண்டும். புரோலாக்டினை ரத்தத்தில் பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் அரிப்பிப்ரசோல் மாதிரி அதை ஏற்றாத மருந்துக்கு மாறலாம். மாறும்போதும் படிப்படியாகத்தான், ஒரே நாளில் நிறுத்தினால் குரல்கள் திரும்பி வந்துவிடலாம்.