மாடித்தோட்டத் தளையும் இலவச விதைத் தொகுப்பும்: எப்படி வாங்குவது, வாங்கியபின் என்ன செய்வது

வீட்டில் நாலு காய்கறிச் செடி வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தமிழ்நாடு தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை தளைகளாகவும் (செடி வளர்ப்புப் பை, விதை முதலிய பொருட்கள் அடங்கிய தொகுப்பு) விதைத் தொகுப்புகளாகவும் கொடுக்கும் உதவி, அது போய்ச் சேர வேண்டிய பலருக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்து வாங்கியவர்களிலும் சிலர் பையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். விதை முளைக்கவில்லை, செடி வெளிறிப் போனது என்று விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை விதையில் இருக்காது. பையை நிரப்ப மக்கிய உரம் தயாராக இருந்திருக்காது. அதனால் திட்டத்தைச் சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மானியத்தில் மாடித்தோட்டத் தளை கொடுப்பது 2013-14-ல் சென்னை, கோவை மாநகரங்களில் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் தமிழகத்தின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை வந்த பிறகு அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. நகரத்து மாடிகளுக்கான தளையில் 6 செடி வளர்ப்புப் பைகள், 2 கிலோ எடையுள்ள 6 தென்னை நார்க்கழிவுக் கட்டிகள், 6 வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற நுண்ணுயிர் உரங்கள், நோய் தடுக்கும் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நுண்ணுயிர் ஒவ்வொன்றிலும் 200 கிராம், வேப்பெண்ணெய் மருந்து 100 மில்லி, ஒரு கையேடு ஆகியவை இருக்கும். அதன் மதிப்பு 900 ரூபாயாக இருந்தது. முதலில் 75 சதவீத மானியம் போக 225 ரூபாய்க்குக் கிடைத்தது. பின்னர் மானியம் பாதியாகி, நாம் கட்ட வேண்டியது 450 ரூபாய் ஆனது. மானிய அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் அதிகபட்சம் 2 தளைகள் வாங்கலாம். அதே காலத்தில் 12 வகை விதைகள் கொண்ட தளை 15 ரூபாய்க்கும், பப்பாளி, எலுமிச்சை, முருங்கை, கறிவேப்பிலை, திப்பிலி, கற்பூரவல்லி, புதினா, சோற்றுக்கற்றாழை என 8 செடிகள் கொண்ட ஊட்டச்சத்துத் தளை 25 ரூபாய்க்கும் கொடுக்கப்பட்டன.

2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் இதிலிருந்து வேறு. இதில் முழு மானியம், அதாவது நாம் ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். தக்காளி, கத்திரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் அடங்கிய தொகுப்பு 15 லட்சம் குடும்பங்களுக்கு. பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகள் 9 லட்சம் குடும்பங்களுக்கு. மரத்துவரை, காராமணி, அவரை விதைகள் 1 லட்சம் குடும்பங்களுக்கு. இந்த மூன்றில் மரத்துவரையைப் பலர் கண்டுகொள்வதில்லை. கொல்லையில் ஓர் ஓரம் இருந்தால் போதும், சில ஆண்டுகள் நின்று பலன் தரும்.

விண்ணப்பிப்பது எளிது. துறையின் இணையதளத்திலோ உழவர் செயலியிலோ ஆதார் எண் கொடுத்துப் பதிவு செய்யலாம். கைப்பேசி பழக்கமில்லாதவர்கள் ஆதார் நகலுடன் தங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். மற்ற தோட்டக்கலை மானியங்களுக்குக் கேட்பதுபோல சிட்டா, அடங்கல் என்ற நில ஆவணங்கள் இதற்குத் தேவையில்லை. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது உண்டு. மாடியில் பை வைக்க வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. ஒவ்வோர் ஆண்டும் மாவட்டத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்துத்தான் கொடுக்கிறார்கள். முடிந்துவிட்டால் அடுத்த ஆண்டுதான். ஆடிப்பட்டத்தில் விதைக்க நினைப்பவர்கள் ஆடி பிறக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

பதிவு செய்த அன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உரத் தொட்டியைத் தொடங்குங்கள். தளையில் விதை, நார்க்கழிவு எல்லாம் இருக்கிறது, செம்மண்ணும் மக்கிய உரமும் மட்டும் இல்லை. நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும். செடிக்குச் சாப்பாடு அதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெறும் நார்க்கழிவில் நட்ட செடி ஒரு சாண் உயரத்திலேயே வெளிறி நிற்பது இதனால்தான். ஒரு மூட்டை மக்கிய உரத்தையும் தளையோடு சேர்த்துக் கொடுத்தால் இந்தத் திட்டம் இன்னும் எவ்வளவோ வீடுகளில் காய்த்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நல்ல வேளையாக, உரத்துக்கு வேண்டியது அடுப்படியிலேயே இருக்கிறது. மக்கும் குப்பையை வீட்டிலேயே தனியாகப் பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. எப்படியும் பிரிக்கப்போகும் குப்பையைத் தெருவுக்கு அனுப்பாமல் நாமே வைத்துக்கொள்ளலாம். அடியிலும் பக்கத்திலும் ஓட்டை போட்ட பழைய வாளி போதும். அடியில் சருகு, அதன்மேல் காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு, மறுபடி சருகு. ஈரக்குப்பை ஒரு பங்கு என்றால் சருகு இரண்டு பங்கு. புளித்த மோரோ சாணிக் கரைசலோ தெளித்தால் சீக்கிரம் மக்கும். வாரம் ஒருமுறை கிளறுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். சருகைக் கூட்டினால் அடங்கிவிடும். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் வேண்டாம். இரண்டு மாதத்தில் கறுத்து, உதிரியாகி, மழை பெய்த மண்ணின் வாசனை வரும். அப்போதுதான் அது உரம். அதுவரை பொறுக்க முடியாதவர்கள் உள்ளாட்சி குப்பையை உரமாக்கும் நுண் உரமாக்கல் மையத்தில் உரம் கிடைக்குமா என்று விசாரிக்கலாம்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை அலசுங்கள், உப்பு போகும். பிறகு செம்மண், நார்க்கழிவு, உரம் மூன்றும் சம பங்கு. பையை வாய்வரை நிரப்பாமல் மேலே நாலு விரல் இடம் விட்டு, ஒரு வாரம் லேசாக நனைத்து வைத்த பின்பே விதையுங்கள். பைக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவிட்டால் தளத்தில் நீர் கசியும் பயமில்லை.

விதைக்கும் முன் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மாவில் விதையைப் புரட்டி வையுங்கள். மறுநாள் ஆறிய அரிசிக் கஞ்சியில் அசோஸ்பைரில்லம் கலந்து, அதிலும் புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி விதையுங்கள். இவை உயிருள்ள நுண்ணுயிர்கள். காலாவதி தேதி பார்க்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது, இரசாயன மருந்தோடு கலக்கவே கூடாது. மிச்சத்தை உரத்தோடு பிசறிப் பைகளில் இடலாம்.

வெண்டை, கொத்தவரை, அவரை, கீரை நேரடி விதைப்பு. தக்காளி, கத்திரி, மிளகாய் மூன்றையும் குழித்தட்டிலோ சின்னக் கப்பிலோ நாற்றுவிட்டுப் பிடுங்கி நட வேண்டும். தக்காளி 25 நாளில் தயாராகும், கத்திரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40-ஐத் தாண்டும். மூன்றையும் ஒரே நாளில் பிடுங்கி நட்டுவிட்டு மிளகாய் மட்டும் பிழைக்கவில்லை என்று வருந்துகிறவர்கள் அதிகம். நடவு எப்போதும் சாயங்காலம். வேப்பெண்ணெய் மருந்தைப் பூச்சி தெரிந்த பிறகு என்று வைத்துக்கொள்ளாமல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி பத்து நாளைக்கு ஒருமுறை மாலையில் தெளியுங்கள். அளவு புட்டியில் போட்டிருக்கும்.

முளைக்கீரை 25 நாளில் பறிக்கத் தயார். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் காய் முற்றுவதோடு செடி புதுக் காய் பிடிப்பதும் குறையும். ஒரு செடியில் நல்ல காய் இரண்டை முற்ற விட்டு விதை எடுக்கலாம். பொட்டலத்தில் வீரிய ஒட்டு என்று போட்டிருந்தால் மட்டும் வேண்டாம், அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரி வராது. அறுவடை முடிந்த பையில் ஒரு கை உரம் சேர்த்துக் கிளறி, முன்பு கத்திரி, தக்காளி இருந்த இடத்தில் கொத்தவரையோ கீரையோ போடுங்கள்.

இடையில் சந்தேகம் வந்தால் கிசான் அழைப்பு மையத்தின் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.