பெர்மிஷன் டினைடு: பூட்டு எந்த வாசலில்?

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருந்தார். தன் துறைக்காக ஒரு இணையப் பக்கம் செய்திருக்கிறார். உபுண்டு லினக்ஸ் போட்ட லேப்டாப்பில், தன் ஹோம் ஃபோல்டருக்குள் ‘தளம்’ என்று ஒரு ஃபோல்டரை உருவாக்கி, பக்கத்தை அதில் வைத்து, என்ஜின்எக்ஸ் சர்வருக்கு அந்த இடத்தைக் காட்டியிருக்கிறார். பிரவுசரில் பார்த்தால் ‘403 ஃபர்பிடன்’. சர்வரின் பிழைப் பதிவில் அந்தக் கோப்பின் முழு முகவரியும், பக்கத்தில் ‘13: பெர்மிஷன் டினைடு’ என்ற வரியும். சீனியர் ஒருவர் சொன்னார் என்று கோப்புக்கு 777 அனுமதி கொடுத்திருக்கிறார். மாற்றமில்லை. அந்த சீனியரின் பழைய லேப்டாப்பில் அதே படிகளைச் செய்தால் பக்கம் வருகிறதாம். “கோப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். பிறகும் யார் தடுக்கிறார்கள்?” என்று கேட்கிறார்.

மிக நல்ல கேள்வி. பிழைச் செய்தி எதைக் காட்டுகிறதோ அங்கே பிழை இல்லாமல் இருப்பது எப்படி என்பதை இதை வைத்தே முழுதாகச் சொல்லிவிடலாம்.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. இந்த இரண்டிலும் சேராதவர்கள் ‘மற்றவர்கள்’. இந்த மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க என்று மூன்று அனுமதிகள். ஒவ்வொன்றும் ஆம்-இல்லை என்று சொல்லும் ஒரு பிட். மொத்தம் 9 பிட்டுகள். படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டினால் ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் எண் வரும். 644 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவும் மற்றவர்களும் படிக்க மட்டும் செய்யலாம். 777 என்றால் எல்லாருக்கும் எல்லாமும்.

இதில் பலர் கவனிக்காத இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, அனுமதி கேட்டு நிற்பது நீங்கள் அல்ல, ஓடிக்கொண்டிருக்கும் நிரல். உபுண்டுவில் என்ஜின்எக்ஸின் வேலையாட்கள் ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’ என்ற தனிப் பயனரின் பெயரில் ஓடுகிறார்கள். உங்கள் டெர்மினலில் கோப்பு திறக்கிறது என்பதை வைத்து சர்வருக்கும் திறக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மூன்று தரப்பில் ஒன்றைத்தான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் பார்க்கும். கேட்பவர் உரிமையாளர் என்றால் உரிமையாளருக்கான மூன்று பிட்டுகளோடு விசாரணை முடிந்தது. ஒரு கோப்புக்கு 077 என்று கொடுத்துப் பாருங்கள். ஊரில் எல்லாரும் படிக்கலாம், சொந்தக்காரரால் மட்டும் முடியாது!

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம்.

சர்வர் அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது கர்னலிடம் ஒரே ஒரு முகவரியைக் கொடுக்கிறது: /ஹோம்/மாணவி/தளம்/முகப்பு.எச்டிஎம்எல். நமக்கு அது ஒரே சொல் போலத் தெரிகிறது. கர்னலுக்கு அது ஒரு நடைப்பயணம். முதலில் ‘/’ என்ற மூலத்தில் நிற்கிறது. அங்கே ‘ஹோம்’ என்ற பெயரைத் தேட அனுமதி உண்டா? உண்டு. உள்ளே போய் ‘மாணவி’ என்ற பெயரைத் தேட அனுமதி உண்டா? உண்டு. ‘மாணவி’ ஃபோல்டருக்குள் ‘தளம்’ என்ற பெயரைத் தேட அனுமதி உண்டா? இப்படி ஒவ்வொரு வாசலிலும் கேட்டுக் கேட்டுத்தான் நகர்கிறது. எல்லா வாசலையும் கடந்த பிறகுதான் கோப்பின் சொந்த அனுமதிப் பிட்டுகளைப் பார்க்கும். வழியில் எங்கே தடை வந்தாலும் அங்கேயே திரும்பிவிடும். கோப்பில் எழுதிய 777-ஐ அது பார்க்கவே இல்லை.

ஒவ்வொரு வாசலிலும் கேட்கப்படும் அந்த அனுமதிதான் ‘இயக்க’ என்று மேலே சொன்ன எக்ஸ் பிட். ஃபோல்டரை யாரும் நிரல் போல இயக்குவதில்லை. அதனால் ஃபோல்டரில் அந்தப் பிட்டுக்கு வேறு பொருள் வைத்தார்கள்: இதன் வழியாகக் கடந்து போகும் உரிமை. படிக்கும் பிட் இருந்து எக்ஸ் இல்லாத ஃபோல்டரில் உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம், ஆனால் எதையும் திறக்க முடியாது. கோப்புகளை விவரத்தோடு பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ கட்டளையைக் கொடுத்தால் பெயர்களுக்கு முன்னால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வரும். எக்ஸ் மட்டும் இருந்தால் நேர்மாறு. பெயர்ப்பலகை இல்லாத அடுக்குமாடி மாதிரி. கதவு எண் தெரிந்தவர் நேரே போகலாம், தெரியாதவருக்கு யார் யார் குடியிருக்கிறார்கள் என்று அறிய வழியில்லை.

பிழைச் செய்தி ஏன் திசை திருப்புகிறது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. தடை எந்த வாசலில் வந்தாலும் கர்னல் நிரலுக்குத் திருப்பித் தருவது ஒரே ஓர் எண்: 13. எந்த வாசல் என்று அது சொல்வதில்லை. நிரலுக்குத் தெரிந்ததெல்லாம் தான் கேட்ட முழு முகவரியும் தனக்கு வந்த 13-ம்தான். அந்த இரண்டையும் சேர்த்து அச்சிடுகிறது. நாம் அந்த வரியின் கடைசிப் பெயரைப் பார்த்து, பிழை அந்தக் கோப்பில் என்று முடிவு செய்துவிடுகிறோம். மூடிய வாசலுக்குப் பின்னால் அந்தக் கோப்பு இல்லாவிட்டாலும் பதில் 13-தான். கடந்து போக உரிமையில்லாதவருக்கு, உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதும் தெரியக் கூடாது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஃபோல்டர் என்பது உண்மையில் என்ன என்று தெரிந்துவிட்டால் இன்னும் பல புதிர்கள் அவிழும். பெயரைக் கேட்டால் கோப்புகளை உள்ளே போட்டு வைக்கும் பை மாதிரி தோன்றுகிறது. அப்படி இல்லை. அது ஒரு பட்டியல், வாக்காளர் பட்டியல் மாதிரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அதன் எதிரே ‘ஐநோடு’ என்ற ஓர் எண். கோப்பின் உரிமையாளர், அளவு, அனுமதிப் பிட்டுகள், தரவு வட்டில் எங்கே இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அந்த ஐநோடில் இருக்கின்றன. ஃபோல்டரில் இருப்பது பெயரும் அந்த எண்ணும் மட்டுமே.

வாக்காளர் பட்டியலிலிருந்து ஒருவர் பெயரை நீக்க அவர் வீட்டுக்குள் போக வேண்டியதில்லை, அவர் சம்மதமும் தேவையில்லை. பட்டியலில் எழுதும் அதிகாரம் இருந்தால் போதும். லினக்ஸிலும் அப்படியே. ஒரு கோப்பை நீக்குவது என்றால் பட்டியலில் ஒரு வரியை அடிப்பது. அதற்கு வேண்டியது ஃபோல்டரில் எழுதும் உரிமையும் கடந்து போகும் உரிமையும். கோப்பின் சொந்த அனுமதி என்ன என்பது கணக்கிலேயே வராது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்குச் சொந்தமான கோப்பு ஒன்று, யாரும் எழுத முடியாதபடி உங்கள் ஃபோல்டரில் இருந்தாலும் அதை நீங்கள் நீக்கிவிடலாம். முதன்முதலாகப் பார்ப்பவர்கள் இதைப் பாதுகாப்பு ஓட்டை என்றே நினைப்பார்கள். பட்டியல் என்று புரிந்தால் இயல்பாகத் தெரியும். பெயரை அடித்தவுடன் தரவு போய்விடுவதும் இல்லை. அந்த ஐநோடைச் சுட்டும் வேறு பெயர் ஒன்றும் இல்லாமல், எந்த நிரலும் அதைத் திறந்து வைத்திருக்காமல் இருந்தால்தான் இடம் விடுவிக்கப்படும்.

தற்காலிகக் கோப்புகளுக்காக எல்லாரும் எழுதும் ‘டிஎம்பி’ ஃபோல்டரில் இது சிக்கலாகும் அல்லவா? யார் கோப்பையும் யாரும் அடித்துவிடலாமே. அதற்காகத்தான் ‘ஸ்டிக்கி’ என்ற கூடுதல் பிட். அது இருந்தால் கோப்பின் உரிமையாளரோ ஃபோல்டரின் உரிமையாளரோ ரூட்டோ மட்டும்தான் நீக்க முடியும். டிஎம்பியின் அனுமதி 777 என்று இல்லாமல் 1777 என்று இருப்பது இதனால்தான்.

இந்தப் பட்டியல் விஷயம் தெரியாமல் நான் இரண்டு நாள் போராடியது உண்டு. ஒரு சிறிய நூலகத்துக்காக எழுதிய நிரல், எஸ்க்யூலைட் தரவுதளம். தரவுதளக் கோப்பில் எழுத அனுமதி இருக்கிறது, இருந்தும் புத்தகம் பதியும்போதெல்லாம் தரவுதளத்தைத் திறக்க முடியவில்லை என்ற பிழை. கோப்பின் பிட்டுகளை எத்தனை முறை பார்த்தேன் என்று நினைவில்லை. எஸ்க்யூலைட் எதையும் மாற்றுவதற்கு முன், பாதியில் மின்சாரம் போனால் மீட்டுக்கொள்ள, பக்கத்திலேயே ஒரு குறிப்புக் கோப்பை உருவாக்கும். புதுக் கோப்பு என்றால் பட்டியலில் புது வரி. ஃபோல்டரில் எழுதும் உரிமையை நான் சர்வருக்குக் கொடுக்கவே இல்லை. கோப்பு சரி, பட்டியல்தான் பூட்டியிருந்தது.

777-ஐப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயுத பூஜை அன்று கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. நமக்குச் சோறு போடும் கருவிக்கு நன்றி சொல்வது நல்ல வழக்கம். ஆனால் எந்தப் பிழை வந்தாலும் அனுமதியை மாற்றும் கட்டளையை எடுத்து ‘சிஎச்மாட் 777’ என்று தட்டுவதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். காரணம் தெரியாமல் செய்வது, பலித்தால் ஊருக்குச் சொல்வது, பலிக்காவிட்டால் மறந்துவிடுவது என்று அதன் எல்லா அடையாளங்களும் இதில் இருக்கின்றன. தீங்கும் இருக்கிறது. அனுமதி கூடினால் உடையும் நிரல்களும் உண்டு. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் தனிச் சாவிக் கோப்பை மற்றவர்கள் படிக்க முடியும் என்றால், அனுமதி மிகவும் திறந்திருக்கிறது என்று சொல்லி அந்தச் சாவியைத் தொடவே மாட்டேன் என்கிறது. வேறு பயனரின் அதிகாரத்தில் கட்டளையை இயக்கும் சூடோவின் விதிக் கோப்பில் எல்லாரும் எழுதலாம் என்று ஆகிவிட்டால் சூடோ வேலை செய்ய மறுக்கும். மூலத்திலிருந்து எல்லாவற்றுக்கும் 777 கொடுத்த ஒரு சர்வரை மீட்கும் வேலை எனக்கு ஒருமுறை வந்தது. எந்தக் கோப்புக்கு முன்பு என்ன அனுமதி இருந்தது என்ற பதிவு எங்கும் இல்லை. கடைசியில் புதிதாக நிறுவ வேண்டியதாயிற்று.

இந்தப் பிட்டுகளின் பிறப்பையும் நினைத்துப் பார்க்கிறேன். அமெரிக்காவின் பெல் ஆய்வகம் 1969-இல் மல்டிக்ஸ் என்ற பெரிய இயங்குதளத் திட்டத்திலிருந்து விலகியது. அதில் இருந்த கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும், அதிகம் பயன்படாமல் கிடந்த ஒரு பிடிபி-7 கணினியில், லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸைத் தொடங்கினார்கள். மேலிடத்திலிருந்து யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அடுத்த கணினியை, ஆவணங்களைத் தட்டச்சு செய்து வடிவமைக்கும் மென்பொருள் தருகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுதான் முதல் பயனாளி. 1971-இல் வந்த முதல் கையேட்டிலேயே அனுமதிப் பிட்டுகள் இருக்கின்றன, குழுவுக்கானவை பின்னர் சேர்ந்தன. இன்று ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் அந்த வழியில் வந்த 9 பிட்டுகள்தான். நம் நாட்டில் ஆய்வுக்குப் பணம் கேட்டுப் போகிறவரிடம், மூன்று ஆண்டில் என்ன பொருள் வரும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். திறமையான இரண்டு பேருக்குக் கணினியும் சில ஆண்டு நிம்மதியும் கொடுத்தால் என்ன வரும் என்பதற்கு யூனிக்ஸைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? நம் பல்கலைக்கழகங்கள் அந்த நிம்மதியைத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாணவியின் லேப்டாப்புக்கு வருவோம். டெர்மினலில் ‘நேம்ஐ -எல்’ என்று தட்டி அந்த முழு முகவரியைக் கொடுங்கள். கர்னல் நடக்கும் அதே வழியில் ஒவ்வொரு வாசலும் ஒவ்வொரு வரியாக, உரிமையாளரோடும் பிட்டுகளோடும் வரும். ‘மாணவி’ என்ற வரியில் மற்றவர்களுக்கான கடைசி மூன்று இடமும் வெறும் கோடுகளாக இருக்கும் என்று நினைக்கிறேன். 21.04 பதிப்பிலிருந்து உபுண்டு, புதிதாக உருவாகும் ஹோம் ஃபோல்டர்களுக்கு 755-க்குப் பதில் 750 கொடுக்கிறது. சீனியரின் பழைய லேப்டாப்பில் பக்கம் வருவதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். உறுதிசெய்ய, ‘சூடோ -யூ’ போட்டு, சர்வரின் பயனர் பெயரிலேயே அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

ஹோம் ஃபோல்டருக்கு மற்றவர்களின் எக்ஸ் பிட்டை மட்டும் கொடுத்தாலும் பக்கம் வந்துவிடும். ஆனால் அதைவிட, ‘தளம்’ ஃபோல்டரை ‘/எஸ்ஆர்வி’ என்ற இடத்துக்கு மாற்றுங்கள். சர்வர்கள் பரிமாறும் தரவுக்கென்றே ஒதுக்கிய இடம் அது. மாற்றிய பிறகு என்ஜின்எக்ஸுக்குப் புது இடத்தைக் காட்டுங்கள். (ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே எஸ்ஈலினக்ஸ் என்ற இரண்டாவது காவல் உண்டு. அது கோப்பில் ஒட்டியிருக்கும் அடையாளச் சீட்டைப் பார்க்கும். இடம் மாற்றினால் பழைய சீட்டும் கூடவே வரும், நகல் எடுத்தால் புது இடத்தின் சீட்டு கிடைக்கும். பிட்டுகள் எல்லாம் சரியாக இருந்தும் 13 வந்தால் அங்கே தேடுங்கள்.)

ஃபோல்டர்களுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். கோப்புக்குக் கொடுத்த 777-ஐ எடுத்துவிடுங்கள். அப்புறம் உங்கள் ஹோம் ஃபோல்டர் 750-ஆகவே இருக்கட்டும். உங்கள் சாவிகளும் கடிதங்களும் அதற்குள்தானே இருக்கின்றன.